தூக்க மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது: எழும் நேரத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, பத்தரை வரை தொலைக்காட்சித் தொடர் பார்த்து, அதன்பின் படுக்கையில் புரண்டுவிட்டு, "இந்த மாத்திரை எனக்குக் கேட்கவில்லை" என்று மறுநாள் சொல்பவர்களைக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நிறையப் பார்த்துவிட்டேன். செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெரிய வீட்டில் ஒருவரோ இருவரோ தனித்திருக்கும் பெரியவர்களின் மருந்துகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் வேலை. நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் மாத்திரை சரியானதுதான். போடும் நேரம்தான் தவறு.

மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மாத்திரையை எந்த நேரத்தில், எந்த வரிசையில் போடுவது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதெல்லாம் அவர் முடிவு. நுரையீரல் நோய், கல்லீரல் கோளாறு, பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, கர்ப்பம், பாலூட்டுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்து அதை அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், முதல் மாத்திரைக்கு முன் சொல்லிவிடுங்கள்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

மருந்துச் சீட்டு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும், ஒரு நோட்டு, ஒரு டார்ச் லைட், கட்டிலில் இருந்து கைக்கு எட்டும் ஒரு அழைப்பு மணி. மூடி போட்ட சிமிழ் ஒன்றும் வேண்டும். பழைய குங்குமச் சிமிழைக் கழுவித் துடைத்தால் போதும். அது எதற்கு என்பது ஏழாம் படியில் தெரியும்.

எல்லா அட்டைகளையும் கொண்டுவரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "தூக்க மாத்திரை ஒன்றுதான் போடுகிறேன்" என்று சொன்ன ஒருவரின் பெட்டியில் மூன்று வெவ்வேறு பெயர்களில் ஒரே குளோனசெபாம் இருந்தது. மூன்று மருத்துவர்கள், மூன்று கம்பெனிகள், உள்ளே ஒரே மருந்து. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரைப் பார்க்காமல், கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

2. 'இரவு' என்று எழுதியிருப்பதைப் பிரித்துப் படியுங்கள்

சீட்டில் 0-0-1 என்றிருக்கும், அதாவது காலையும் மதியமும் இல்லை, இரவில் ஒன்று. மருந்துக் கடையில் அதைக் காகித உறையின் இரவுக் கட்டத்தில் ஒரு கோடாகப் போட்டுக் கொடுப்பார்கள். அந்த ஒரே கட்டத்துக்குள் சர்க்கரை மாத்திரை, கொழுப்பு மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் வந்து விழுகின்றன. இலையை எடுத்ததும் மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மிடறில் விழுங்கிவிடுகிறார்கள். புதிதாகத் தொடங்கும் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இரவில் இரண்டு வேளைகள் உண்டு: சாப்பாட்டு வேளை, படுக்கை வேளை. தூக்க மாத்திரையின் வேளை எது என்பது அதன் வகையைப் பொறுத்தது.

சோல்பிடெம், எஸோபிக்ளோன் போன்றவை வேகமாக வேலை செய்பவை. படுக்கையில் படுக்கப் போகும் அந்த நிமிடத்தில் போட வேண்டியவை இவை. சோல்பிடெம் ஏறக்குறைய அரை மணியில் வேலையைத் தொடங்கிவிடும். உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய இரண்டரை மணி நேரம் போதும். அதனால்தான் எட்டு மணிக்குப் போட்டுப் பத்தரைக்குப் படுப்பவருக்கு அது பயன்படாமல் போகிறது. உச்ச நேரம் முழுவதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொடர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

குளோனசெபாம் இதற்கு நேர் எதிர். உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். நேற்றைய மாத்திரையின் ஒரு பகுதி இன்று இரவும் உள்ளே இருக்கும். அல்பிரசோலம் இரண்டுக்கும் இடையில் நிற்கும். ஏறக்குறைய 11 மணி நேரம், வயதானவர்களுக்கு அதைவிடக் கூடுதல். இவற்றில் பத்து நிமிடம் முன்பின் போவது பெரிய வித்தியாசம் செய்யாது. ஆனால் காலை மயக்கம் எளிதில் மிஞ்சும்.

மெதுவாகக் கரையும் மெலடோனின் மாத்திரையைப் படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு, சாப்பிட்டபின் போடுவார்கள். கால் எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலினையும் பெரும்பாலும் படுக்கைக்குக் கொஞ்சம் முன்னதாகவே போடச் சொல்வார்கள்.

ஆகவே அடுத்த வீட்டு ஆச்சி எத்தனை மணிக்குப் போடுகிறார் என்பது உங்களுக்கு உதவாது. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரே கேள்வி கேளுங்கள்: "இதைப் போட்டு எத்தனை நிமிடத்துக்குள் நான் படுக்கையில் இருக்க வேண்டும்?" வரும் பதிலை உறையின் மேலேயே எழுதுங்கள். மெதுவாகக் கரையும் வகை என்றால் உடைக்கவோ பொடி செய்யவோ கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எட்டு மணி நேரத்துக்கான மருந்து உடைத்த நொடியில் மொத்தமாக இறங்கிவிடும்.

3. எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

படுக்கும் நேரத்தை முதலில் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே தீர்மானிக்கிறார்கள். உங்களால் மாற்ற முடியாதது எழும் நேரம். பால்காரர் வருவது, வாசல் தெளித்துக் கோலம் போடுவது, பூசை, தண்ணீர் வரும் நேரம் என்று அது வீட்டோடு கட்டுண்டது. அங்கிருந்து தொடங்குங்கள்.

சோல்பிடெம் வகைக்கு ஏழிலிருந்து எட்டு மணி நேரம் படுக்கையில் கழிக்க இடம் வேண்டும். காலை 5:30-க்கு எழுபவர் என்றால், 9:30-க்கும் 10:30-க்கும் இடைப்பட்டது அவருடைய மாத்திரை நேரம். அதற்குள் தனக்கு இயல்பாகக் கண் சொக்கும் நேரம் எது என்று ஒரு வாரம் கவனித்து, அதற்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏன் இயல்பான நேரத்துக்குப் பக்கத்தில்? வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு மூளை மிகவும் விழிப்பாக இருக்கும் ஒரு கட்டம் உண்டு. பத்து மணிக்குத் தூங்கிப் பழகிய உடம்பு எட்டு மணிக்கு எதிர்நீச்சல் போடும். அப்போது மாத்திரையை இறக்கினால் பாதிச் சக்தி சண்டையிலேயே செலவாகிவிடும்.

இன்னொரு புகார்: "எட்டு மணிக்கே தூங்கிவிடுகிறேன், ஆனால் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கமே இல்லை." எட்டிலிருந்து இரண்டு வரை ஆறு மணி நேரம். மதியம் ஒரு மணி நேரம் தூங்கியிருந்தால் ஏழு. அவர் தூங்கி முடித்துவிட்டார், அவ்வளவுதான். இவருக்கு இரண்டாவது மாத்திரை தேவையில்லை, படுக்கையைப் பத்து மணிக்குத் தள்ளினால் போதும். பள்ளத்தூரில் ஒரு அய்யாவை எட்டிலிருந்து பத்துக்கு நகர்த்த எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. இரண்டு நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடமாகத் தள்ளினோம். மாத்திரை அதே மாத்திரைதான்.

எழ வேண்டிய நேரத்துக்கு ஏழு மணி நேரம்கூட இல்லை என்றால், சோல்பிடெம் வகை மாத்திரையை அன்று போடாதீர்கள். நள்ளிரவு ஒரு மணிக்குப் போட்டுவிட்டு ஐந்தரைக்கு எழுபவர் பாதி மயக்கத்தில் எழுகிறார். குளோனசெபாம் போன்றதைத் தினமும் எடுத்து வருபவர்கள் மட்டும் இப்படித் தாமாக நிறுத்தக் கூடாது. தாமதமான இரவில் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் அலாரம் வைப்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. அதற்கு 'மாத்திரை' என்று பெயர் வைக்காமல் 'படுக்கை' என்று வையுங்கள், அதையும் மாத்திரை நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னதாக வையுங்கள். 'மாத்திரை' என்று அடித்தால் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே விழுங்கிவிடுகிறார்கள். முகப்பில் விருந்தாளியோடு பேசிக்கொண்டிருக்கும்போதுகூட.

4. இரவுச் சாப்பாட்டை முன்னால் இழுங்கள்

சாப்பிட்ட உடனே சோல்பிடெம் போட்டால், இரத்தத்தில் அது உச்சத்துக்குப் போகும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டே கால் மணி நேரத்துக்குத் தள்ளிப் போகும். உச்ச அளவும் குறையும். எஸோபிக்ளோனும் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் தாமதமாகவே வேலை செய்யும். தூக்கம் வரவில்லையே என்று காத்திருந்து எரிச்சலாகும் அந்த ஒரு மணி நேரம் இப்படித்தான் வருகிறது.

நம் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு இட்லி என்றாலும் அதோடு தேங்காய்ச் சட்னி, கோசமல்லி, மிச்சமிருக்கும் மதியக் குழம்பு என்று வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை கறி என்றால் இரவுக்கும் அதுதான். சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து, படுக்கைக்கு இரண்டு, முடிந்தால் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். கனமானதை மதியத்துக்கு மாற்றுங்கள்.

வெறும் வயிற்றோடு படுத்தால் பசித்து எழுவேன் என்பவர்கள் படுக்கைக்கு ஒரு மணி முன்பு அரைத் தம்ளர் பால் குடிக்கலாம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் இரவுச் சாப்பாட்டைத் தள்ளவோ குறைக்கவோ செய்யுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இரவில் சர்க்கரை இறங்கினால் அதன் அறிகுறியும் மாத்திரை மயக்கமும் ஒன்றுபோலவே தெரியும். பக்கத்தில் இருப்பவர் எழுப்பாமல் விட்டுவிடுவார்.

5. மாலையில் குறுக்கே நிற்பவற்றை விலக்குங்கள்

மாலை ஐந்தரைக் காப்பியை விட்டுக்கொடுக்க இங்கே யாரும் தயாராக இல்லை. ஆனால் காப்பியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்தரைக்குக் குடித்தால் பத்தரைக்கும் அரைத் தம்ளர் காப்பி உடம்பில் உட்கார்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தூங்கச் சொல்லும் மாத்திரை, மறுபக்கம் விழிக்கச் சொல்லும் காப்பி. கடைசிக் காப்பி மூன்று மணிக்கு. பணியாரத்தோடு குடிக்க ஏதாவது வேண்டும் என்றால் சுக்குத் தண்ணீர் குடியுங்கள்.

மதியத் தூக்கம் அரை மணி நேரம், மூன்று மணிக்குள். சித்திரை வெயிலில் இதைச் சொன்னால் முறைப்பார்கள், பரவாயில்லை.

இரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், அதைக் காலையில் போடலாமா என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையின் மயக்கத்தோடு இரவில் மூன்று முறை எழுந்து நடப்பதுதான் இடுப்பெலும்பு முறிவுக்கான நேர்வழி.

6. கூடச் சேரக் கூடாதவை

மது அறவே கூடாது. "ஒரு சின்ன அளவு மட்டும்" என்பதற்கும் இடமில்லை. இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடக்கும். அன்று குடித்துவிட்டால் மாத்திரை இல்லை.

டிரமடால், கோடீன் போன்ற கடும் வலி மருந்துகளும் அப்படியே. பலர் மறப்பது சளி மருந்தை: குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் உள்ள இருமல் சிரப்பே தூக்கம் தரும். மாத்திரையோடு சேர்ந்தால் மறுநாள் பத்து மணி வரை எழ முடியாது. சில பூஞ்சை மருந்துகளும் சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் தூக்க மாத்திரையை உடம்பு கழிக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். எனவே புதிய மருந்து எதை வாங்கினாலும் "நான் இரவில் இதைப் போடுகிறேன்" என்று அட்டையைக் காட்டுங்கள்.

7. முதலில் வீட்டைப் படுக்க வையுங்கள்

மாத்திரை போட்டபின் செய்ய ஒரு வேலைகூட மிச்சம் இருக்கக் கூடாது. சின்ன வீட்டில் இது எளிது. நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்புக் கதவைச் சாத்த, வளவை (நடு முற்றத்தை) கடந்து, இரண்டாங்கட்டைத் தாண்டி, அடுப்படியில் கேஸை மூடி, கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டுத் திரும்பவே பத்து நிமிடம் ஆகும். நிலைக்கு நிலை உயரமான படி. ஐப்பசி மழையில் வளவில் ஈரம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மாதிரி வழுக்கும். மாத்திரை போட்டபின் இந்தப் பயணம் கூடவே கூடாது.

என் வரிசை இது. 'படுக்கை' அலாரம் அடித்ததும் முதலில் கொல்லைப் பக்கம் போகிறோம். தொலைவில் இருப்பதை முதலில் முடிக்க வேண்டும். கொல்லைக் கதவு, கேஸ், அடுப்படி விளக்கு. பிறகு வளவு, முகப்பு. பல் துலக்கி, கழிவறை போய், உடை மாற்றி, தண்ணீர்ச் செம்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறோம். கண்ணாடி, டார்ச், மணி, கைத்தடி ஆகியவை எப்போதும் ஒரே இடத்தில். கட்டிலில் இருந்து கழிவறை வரை ஒரு மங்கிய விளக்கு எரிய வேண்டும்.

கழிவறை பின்கட்டில் மட்டும் இருக்கிறது என்றால், வயதானவரின் கட்டிலை அதற்கு அடுத்த அறைக்கு மாற்றுங்கள். "பாட்டன் காலத்திலிருந்து இங்கேதான் கட்டில்" என்பார்கள். நான் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. மாற்றவே முடியாத இடத்தில் கட்டிலோரம் ஒரு கமோடு நாற்காலி போடச் சொல்கிறேன்.

கடைசியாகத் தொலைபேசி. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு நம் இரவு ஒன்பது மணி காலை நேரம், அப்போதுதான் அழைப்பார்கள். கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி மாத்திரை போட்டபின் மகளோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறார், நிலத்து விஷயத்தில் சம்மதம்கூடச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்த அழைப்பே அவர் நினைவில் இல்லை. மகள் பயந்துபோய் மறதி நோய் என்று நினைத்துவிட்டார். மாத்திரை போட்டபின் நடப்பது நினைவில் பதியாமல் போவது இந்த மருந்துகளின் இயல்பு. பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்: இத்தனை மணிக்குப் பிறகு அழைப்பு இல்லை, பணப் பேச்சு அறவே இல்லை. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இதில் தொல்லை தருவதில்லை. அவர்கள் நேரம் இரண்டரை மணி முன்னே ஓடுவதால் தாங்களே சீக்கிரம் பேசி முடித்துவிடுகிறார்கள்.

இப்போது சிமிழ். அன்றைக்கு உரிய ஒரு மாத்திரையை மட்டும் மாலையிலேயே சிமிழில் போட்டு மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அட்டையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இரவில் "போட்டேனா, இல்லையா?" என்ற சந்தேகம் வந்தால் சிமிழைத் திறந்து பார்த்தால் போதும். காலியாக இருந்தால் போட்டாயிற்று. அட்டை பக்கத்திலேயே இருந்தால், அரை மயக்கத்தில் இன்னொன்றை உரித்துப் போடுவார்கள். இரண்டு வீடுகளில் இது நடந்திருக்கிறது.

8. மாத்திரை: கடைசி வேலை

கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அரைத் தம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். நின்றுகொண்டோ அடுப்படியிலோ வேண்டாம். விழுங்கியதும் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, விளக்கை அணைத்துவிடுங்கள். படுக்கைக்கு முன் போடும் வகைக்கு இதுதான் முழு விதி. மெலடோனின் போல முன்கூட்டிப் போடும் வகை என்றால், வீட்டு வேலையை அதற்கு முன்பே முடித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருங்கள்.

"தூக்கம் வருகிறதா என்று கொஞ்சம் பார்த்துவிட்டுப் படுக்கிறேன்" என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். தூக்கம் வருவதற்கு முன்பே தடுமாற்றம் வந்துவிடும். அது அவர்களுக்குத் தெரிவதில்லை.

சோல்பிடெம், எஸோபிக்ளோன் போன்றவற்றைப் போட்டபின் சிலர் முழு விழிப்பு இல்லாமலே எழுந்து நடப்பதும், சமைப்பதும், வண்டி ஓட்டுவதும் உண்டு. காலையில் எதுவும் நினைவிருக்காது. இதற்காகவே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் இந்த மருந்துகளுக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. ஒரு வீட்டில் காலையில் அடுப்பின் மேல் தீய்ந்த பால் பாத்திரத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரியவந்தது. இப்படி ஒரு முறை நடந்தாலும் அந்த மாத்திரையை மறுபடி போடாமல் மருத்துவரை அழையுங்கள். இரண்டாவது முறைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

9. தூக்கம் வராவிட்டால், நடுவில் விழித்தால்

இரண்டாவது மாத்திரை இல்லை. பாதி மாத்திரையும் இல்லை. முதல் மாத்திரை இன்னும் உச்சத்தை அடையாமல் இருக்கலாம். அதன்மேல் இன்னொன்று ஏறினால் மூச்சுக்கும் நடைக்கும் ஆபத்து.

தூக்கம் வராதவர் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாத்திரை போடாதவருக்கு அது நல்ல யோசனைதான். மாத்திரை உள்ளே இருக்கும் முதியவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எழுந்து கட்டிலிலேயே சாய்ந்து உட்காருங்கள். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மணி பார்த்தால் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

கழிவறைக்கு எழ வேண்டுமானால்: உட்கார்ந்து மெதுவாக நூறு வரை எண்ணுங்கள், காலைத் தரையில் ஊன்றிப் பாருங்கள், விளக்கைப் போடுங்கள், எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். தலை சுற்றினால் மணியை அடியுங்கள். கூப்பிடக் கூச்சப்படுபவர்கள்தான் விழுகிறார்கள்.

10. காலையில்

இரவு எப்படிப் போயிருந்தாலும் அதே மணிக்கு எழுங்கள். தாமதமாக எழுந்தால் அன்றைய மாத்திரை நேரமும் குழம்பும். எழுந்ததும் திண்ணையில் வெளிச்சத்தில் கால் மணி நேரம் உட்காருங்கள். உடம்பின் கடிகாரம் அதைப் பார்த்துத்தான் முள்ளைத் திருப்பிக்கொள்கிறது.

நாக்குக் குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, தலை பாரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்று ஸ்கூட்டர் எடுக்கக் கூடாது. பெண்களுக்குக் காலையில் சோல்பிடெம் அதிகம் தங்குகிறது என்று கண்டு, அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது அதே அமெரிக்க நிர்வாகம், 2013-இல். பெரியவர்களுக்கும் குறைந்த அளவுதான் பரிந்துரை. எனவே காலை மயக்கம் தொடர்ந்தால் அதைச் சகித்துக்கொள்ளாமல், அளவைச் சரிபார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போங்கள். மெதுவாகக் கரையும் சோல்பிடெம் போடுபவர் மறுநாள் வண்டி ஓட்டவே கூடாது.

11. ஒழுங்கு குலையும் நாட்கள்

கல்யாண வீடு: இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பி, விடியலில் முகூர்த்தத்துக்கு எழ வேண்டும். ஏழு மணி நேரம் இல்லை. மூன்றாம் படியின் கணக்கே இங்கும். உறவினர் நிரம்பிய, புதிய கழிவறை உள்ள வீட்டில் படுக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

அதிகாலை ரயில்: விடியலில் காரைக்குடியிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் பல்லவனைப் பிடிக்க நான்கு மணிக்கு எழ வேண்டும் என்றால், மாத்திரை ஒன்பதைத் தாண்டக் கூடாது. ஒன்பதுக்குப் படுக்க முடியாது என்றால் அன்று வேண்டாம்.

இரவு ரயில்: சென்னையிலிருந்து இராமேசுவரம் வண்டியில் வருபவர்கள் மாத்திரை போட்டுப் படுத்தால், இருட்டில் காரைக்குடி வரும்போது எழ முடியாது. ஒருவர் மானாமதுரை தாண்டிக் கண் விழித்தார், அவருக்காவது பரவாயில்லை. மேல் படுக்கையிலிருந்து தள்ளாடி இறங்குவது அதைவிட மோசம். ரயிலில் மாத்திரை வேண்டாம் என்பது என் பொது விதி.

பழனிப் பாதயாத்திரை: தைப்பூசத்துக்கு நடப்பவர்கள் நடுச்சாமத்துக்குப் பின்னேயே எழுந்து சாலையில் இறங்கிவிடுவார்கள். சோல்பிடெம் வகையை அந்த நாட்களில் தொடவே கூடாது. நடந்த களைப்பே தூக்கம் தரும். தினசரி குளோனசெபாம் எடுப்பவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

12. நோட்டும் நிறுத்துவதும்

நான்கு செய்திகள் போதும்: மாத்திரை போட்ட மணி, தூங்கியதாக நினைக்கும் மணி, எழுந்த மணி, காலையில் தலை எப்படி இருந்தது. இரண்டு வாரம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். "தூக்கமே இல்லை" என்று வாயால் சொன்னால் அவர் அளவைக் கூட்டக்கூடும். நோட்டைப் பார்த்தால் நேரத்தை மாற்றுவார். இந்த மாத்திரைகளைப் பெரும்பாலும் சில வாரங்களுக்கு என்றுதான் கொடுக்கிறார்கள். எப்போது குறைப்பது என்ற கேள்வியை அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

பல வாரம் எடுத்த குளோனசெபாம், அல்பிரசோலம் போன்றவற்றை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நடுக்கம், கடும் பதற்றம், சில நேரம் வலிப்புவரை போகும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அட்டை தீர்ந்தபின் ஓடாமல், ஒரு வாரம் இருக்கும்போதே புதிய சீட்டு வாங்குங்கள். அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை எச்1 பட்டியலில் இருப்பவை. சீட்டு இல்லாமல் தர முடியாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். கடைக்காரரிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

தூக்கமின்மையோடு வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமும் வருகிறது என்று யாராவது சொன்னால், அட்டையை வேறொருவர் பொறுப்பில் வையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், மருத்துவரை அழையுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

13. 108-ஐ எப்போது அழைப்பது

எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, அளவுக்கு மேல் போட்டிருக்கலாம் என்று சந்தேகம், விழுந்து தலையில் அடி ஆகியவற்றில் எது நடந்தாலும் உடனே அழையுங்கள். காப்பி கொடுத்துத் தெளியவைக்கவோ, வாந்தி எடுக்கவைக்கவோ முயலாதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வண்டியில் ஏறும்போது மருந்துச் சீட்டையும், காலியானது உட்பட எல்லா அட்டைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.